மொட்டைக்குக் காரணம்

வேறு ஊராக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டைதான். கைக்குழந்தை மொட்டை, புதுசாகக் கல்யாணம் ஆனவன் மொட்டை, ஆந்திராவிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் மொத்தமும் மொட்டை. மலையில் முருகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டு, கீழே வந்து டீ குடிப்பார்கள். அதனால் அம்மாவின் காரியம் முடிந்து நான் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, கே.ஜி.கண்டிகையில் ஷேர் ஆட்டோக்காரர் என் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா தம்பி, மலைக்குப் போய்வந்தியா? குண்டு நல்லா கீது."

எங்கள் பக்கம் மொட்டையைக் குண்டு என்பார்கள். நானும் சிரித்து வைத்தேன். காலையில் ஒருவரிடம் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

அம்மா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கொண்டுபோன வண்டியிலேயே திரும்பக் கொண்டுவந்தோம். எங்கள் பக்கத்தில் அப்பனுக்குத் தலைப்பிள்ளையும் அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளையும் கொள்ளி வைக்க வேண்டும். நான் கடைசி. அண்ணன் பக்தவச்சலம் பக்கத்தில் நின்று கதறிக்கொண்டிருக்க, நான் பானையைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தேன். சொன்னதையெல்லாம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கல்லு மாதிரி நின்னுகினு கீறான் பாரு," என்று யாரோ ஒரு அத்தை சொன்னது காதில் விழுந்தது.

நான் என்ன செய்ய? உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பசி இருந்தது. தூக்கம் இருந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது காலில் முள் குத்தியது, அது வலித்தது. அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்தில் குளத்தங்கரையில் தலையைச் சிரைத்தபோது, ஈரத் தலையில் காற்று பட்டு ஜில்லென்று இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் முதல் வருஷம். எங்கள் லேப் ஒரு நீளக் கூடம். சுவரோரம் பலகைகள், பலகைக்கு ஒரு எக்ஸ்பிரிமென்ட், எக்ஸ்பிரிமென்டுக்கு இரண்டு பேர். ஒருவர் ரீடிங் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். வாரா வாரம் அடுத்த பலகைக்கு நகர வேண்டும். என் கூட்டாளி கோமளவல்லி. மணவூரிலிருந்து ரயிலில் அரக்கோணம் வந்து, அங்கே வண்டி மாறித் திருத்தணி வருகிறவள். அந்த அலைச்சலின் கோபத்தையெல்லாம் என் மேல் காட்டுவாள்.

"அடப்பாவி, மொட்டையா!" என்றாள் என்னைப் பார்த்ததும். "போன்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? நான் ஒண்டி ஆளா அந்த டார்ஷன் பெண்டுலத்தைக் கட்டிகினு அழுதேன் தெரியுமா?"

அழுதாளாம். எல்லாருக்கும் எவ்வளவு சுலபமாக வருகிறது.

"இன்னா வேண்டுதல்?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளது வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது வேறு.

"பிசிக்ஸ்ல பாஸ் ஆவணும்னு."

அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த பலகையிலிருந்த ராஜேஷ் திரும்பிப் பார்த்தான். அவனிடம் சொன்னாள். அவன் மற்றவர்களிடம் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் டிபார்ட்மென்ட் முழுக்கப் பரவிவிட்டது. பரீட்சை எழுதிப் பாஸான பிறகு மொட்டை போடுகிறவனைப் பார்த்திருக்கிறார்கள். முருகனை நம்பி அட்வான்ஸாகப் போட்டவனை இப்போதுதான் பார்க்கிறார்களாம். ஆளாளுக்குத் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. தடவினால் தடவட்டும்.

லேப் பொறுப்பு பிரபாவதி மேடத்துக்கு. நல்ல மாதிரிதான்; ஆனால் ஏமாற்றுகிறவனைக் கண்டால் பிடிக்காது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். மொட்டைக் கதை அவருக்கும் போயிருந்தது.

"மொட்டை போட்டா பாஸ் பண்ணிடலாம்னா நாங்கெல்லாம் எதுக்குப்பா இங்க உக்காந்துகிட்டு இருக்கோம்? மலை மேலயே ஒரு டிபார்ட்மென்ட் வச்சுடலாமே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மூணு எக்ஸ்பிரிமென்ட் பாக்கி வச்சிருக்கே. திரும்பச் செய்யணும்னா எனக்குக் காரணம் வேணும். ஜுரம்னா டாக்டர் சர்ட்டிபிகேட் குடு. வீட்ல ஏதாவது கெட்டது நடந்திருந்தா வாயைத் திறந்து சொல்லு, நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. ரெண்டும் இல்லாம மொட்டை போட்டுகிட்டு ஊரைச் சுத்திட்டு வந்தவனுக்கெல்லாம் ரிப்பிட்டிஷன் குடுத்தா, ஒழுங்கா வர்ற பசங்க என்னைக் கேப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டார்.

கேள்வியை வைத்துப் பதிலையும் கையில் கொடுத்த மாதிரிதான். இல்லை என்று தலையை ஆட்டினால் போதும்.

"நல்லா இருக்காங்க மேடம்," என்றேன்.

"அப்போ போ. அடுத்த திங்கட்கிழமையோட லேபை மூடறேன். அதுக்குள்ள காரணத்தோட வந்தா பாக்கலாம்."

பாக்கி மூன்றையும் செய்யாவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. ரெக்கார்டு இல்லாதவனைப் பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டார்கள். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு நின்று மறுபடியும் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இரண்டே வார்த்தையைச் சொல்ல அப்படி என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பஸ்ஸில் வரும்போது நானும் கேட்டுக்கொண்டேன்.

சொன்னால் மேடம் எழுந்து வருவார். தோளைத் தொடுவார். கோமளா வாயைப் பொத்திக்கொள்வாள். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், சுடுகாட்டில் பார்த்த மாதிரி. அப்போது காட்டுவதற்கு என்னிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. அம்மா செத்துப்போனாள், எனக்கு மூன்று எக்ஸ்பிரிமென்ட் கொடுங்கள் என்று வறண்ட கண்ணோடு நின்று கேட்பதை நினைத்தால் எனக்கே பொய் மாதிரி இருந்தது. உண்மையில் நடந்ததைச் சொல்லியே ஏமாற்றுகிறவன் மாதிரி. அதற்கு மொட்டை போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினவனாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

வீட்டில் அண்ணன் சோறு வடித்திருந்தான். ஒரகடத்தில் கம்பெனி வேலை; லீவு போட்டுவிட்டு இருந்தான். அடுப்படியில் அம்மா எதை எங்கே வைத்திருந்தாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. மிளகாய்த் தூளைத் தேடித் தேடி, கடைசியில் புதுசாக ஒரு பாக்கெட் வாங்கிவந்துவிட்டான். நைனா மாட்டுக் கொட்டகைப் பக்கம் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பா துளசிங்கம் முன்பும் அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேசியது அம்மா. இவர் நடுநடுவே இருமுவார். இப்போது இருமல் மட்டும் இருந்தது.

"மத்தியானம் துன்னியா?" என்றார்.

"துன்னேன் நைனா."

"காலேஜில சொன்னியா? இன்னா சொன்னாங்கோ?"

"ஆங், சொன்னேன். எல்லாரும் வருத்தப்பட்டாங்கோ."

"நான் ஒருக்கா வந்து மேடத்துகிட்ட பேசவா? படிப்பு வீணாப் பூடப் போது."

"வேணாம் நைனா. அவங்களுக்கே எல்லாம் தெரியும்."

நம்பிவிட்டார். அங்கே எல்லாரும் உயிரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டு, இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டுமே எனக்கு உறுத்தவில்லை.

அண்ணன் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். பங்குனி உத்திரத்துக்கு மாமா வீட்டில் காவடி எடுக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான்.

"நாம எங்க போறது?" என்றார் நைனா. "துக்க வூடு. ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது."

"அத்தத்தான் நானும் சொன்னேன்," என்றான் அண்ணன்.

ஊரே நான் மலைக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது. போகவே கூடாத இடம் எனக்கு அது ஒன்றுதான். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.

அந்த வாரம் முழுக்க லேபில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோமளாவுக்கு எழுதிக் கொடுப்பேன், எடைகளை எடுத்து வைப்பேன். அவளுக்கு என் மேல் எரிச்சலும் இரக்கமும் மாறி மாறி வந்தன.

"மேடத்துகிட்ட ஜுரம்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்துடேன். எங்க ஊருல ஒரு டாக்டர் கீறாரு, கேட்டா தருவாரு."

"எனக்கு ஜுரம் வரலையே."

"பெரிய அரிச்சந்திரன்! சரி, என் ரீடிங்கைப் போட்டுக்கோ, முன்ன பின்ன மாத்தி."

அது எங்கள் லேபில் எல்லாரும் செய்கிற வேலை. விடை என்ன வர வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஊசல் எத்தனை தடவை எப்படி ஆடினாலும் கடைசியில் ஒன்பது புள்ளி எட்டு வந்தாக வேண்டும். வராவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, வழியில் தேவையான ரீடிங்குகளைப் போட்டுக்கொண்டு ஆரம்பத்துக்கு வந்து சேருவோம். கொஞ்சம் அழுக்காக இருக்கட்டும் என்று கடைசி எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவோம். நானும் செய்திருக்கிறேன், அதில் கெட்டிக்காரன் என்று பெயர்கூட உண்டு. அழுகையில்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு வரவில்லை. எவ்வளவு வர வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு வந்தது பூஜ்யம். அதை மாற்றிப் போட மனசில்லை.

சனிக்கிழமை வகுப்பு மொத்தமும் மலைக்குக் கிளம்பியது. பிராக்டிகலுக்கு முன்னால் ரெக்கார்டுகளை எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போய், சன்னிதியில் காட்டி, அட்டையில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வருவது எங்கள் டிபார்ட்மென்டில் வழக்கம். யார் ஆரம்பித்ததோ தெரியாது. ஸ்க்ரூ கேஜை நம்பலாம், பரீட்சைக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினரை நம்ப முடியாது என்பார்கள். போகவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் தேடுகிற சோம்பலில் கூடவே நடந்துவிட்டேன். அடிவாரத்தில் எங்காவது பின்தங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் ராஜேஷ் ரெக்கார்டுக் கட்டை இறக்கினான். பழைய வேட்டியில் கட்டிய பெரிய மூட்டை.

"இத்த மொட்டைதான் தூக்கணும்," என்றான். "முருகருக்கு முடி குடுத்தவன். அவன் தலைமேல வந்தாத்தான் எல்லாருக்கும் பாஸ்."

"ஆமா ஆமா, மொட்டை தலைல ஏத்துங்கப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். கோமளாவும்தான். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி என் தலைக்கு நேரே கொண்டுவந்தார்கள். முதல் படியில் கற்பூரம் எரிந்து கரிந்த கறுப்பு. அதன் மேல் காலை வைக்க வேண்டும். கல்லூரியில் எவ்வளவு பொய் சொன்னேனோ அவ்வளவும் சொல்ல முடிந்தது. அந்தப் படியில் காலை வைக்க மட்டும் முடியவில்லை. சாமிக்குப் பயந்து அல்ல. ஏறினால், வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று நானே காலால் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"நான் ஏறக் கூடாது," என்றேன்.

"இன்னாத்துக்கு? கால்ல அடியா?"

"ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது."

இந்த ஊரில் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வேறு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மூட்டையைப் பிடித்திருந்தவர்கள் அதை மெதுவாகக் கீழே வைத்தார்கள். ராஜேஷ் என் தலையைப் பார்த்தான். இத்தனை நாளாகத் தடவிய தலையை இப்போதுதான் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"யாரு?" என்றாள் கோமளா.

"அம்மா."

அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாள் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அதைச் சொல்லாமலே பேசப் பழகியிருந்தோம்.

யாரும் என் தோளைத் தொடவில்லை. என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கோமளா சொன்னதன் பேரில் மூட்டையை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் மேலே போனார்கள். அவள் மட்டும் கீழேயே நின்றுவிட்டாள். அப்புறம் என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

"பிசிக்ஸ்ல பாஸ் ஆவணும்னு சொன்னியேடா! நான் போயி எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேனே! இன்னா ஜென்மம்டா நீ? அம்மா செத்துப் பூட்டாங்கன்னு சொல்ல வாய் வராதா உனக்கு?"

"வரல."

"மேடம் கேட்டாங்களே, அப்ப?"

"அப்பவும் வரல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அம்மாவை அவள் பார்த்ததுகூட இல்லை. இன்னும் கொஞ்சம் திட்டினாள். பதினாறு நாள் முழுக்கக் கேட்ட ஆறுதல்களைவிட அது கேட்க நன்றாக இருந்தது.

"திங்கக்கிழமை காலையில மேடத்துகிட்ட நீதான் சொல்லணும்," என்றாள். "நான் சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்துல நிப்பேன்."

திங்கட்கிழமை நின்றாள். பிரபாவதி மேடம் ஏதோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும், "காரணத்தோட வந்தியா, சும்மா வந்தியா?" என்றார் நிமிராமல்.

"அம்மா இறந்துட்டாங்க மேடம். அதான் வரல."

பேனா நின்றது.

"எப்போ?"

சொன்னேன்.

"நான் அன்னைக்கு உன்னைக் கேட்டேனேப்பா. நல்லா இருக்காங்களான்னு கேட்டேனே. ஏன் சொல்லல?"

"அழுகை வரல மேடம்," என்றேன். "அழாம சொன்னா நம்ப மாட்டீங்களோன்னு…"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "மலை மேலயே டிபார்ட்மென்ட் வைக்கலாம்னு வேற சொன்னேன்," என்றார் தனக்குள்ளேயே. பிறகு ஒரு சீட்டில் மூன்று எக்ஸ்பிரிமென்டுகளின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இன்னைக்கே முடிச்சுடு. சாயங்காலம் வரைக்கும் லேப் திறந்திருக்கும், நானும் இருப்பேன். கோமளவல்லி, நீ கூட இரு."

வேலை ஆகிவிட்டது. வருஷம் தப்பித்தது. சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. சரி, அதுவாவது ஒரே மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டும் மத்தியானத்துக்குள் முடிந்தன. மூன்றாவது, யங் மாடுலஸ். ஒரு மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்தி முனைகளின் மேல் படுக்கவைத்து, நடுவில் எடைகளைத் தொங்கவிட வேண்டும். எடை ஏற ஏற ஸ்கேல் எவ்வளவு வளைகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கண்ணுக்கு வளைவதே தெரியாது. ஸ்கேலின் நடுவில் மெழுகு வைத்து ஒரு குண்டூசியை நட்டிருப்பார்கள். அதன் நுனி எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. நான் பார்த்துச் சொன்னேன். கோமளா எழுதினாள்.

"மெயின் ஸ்கேல் ஏழு பாயின்ட் மூணு அஞ்சு. வெர்னியர் இருபத்திரண்டு."

"ம். அடுத்த வெயிட் போடு."

போட்டேன். நுனி இறங்கியது. குமிழைத் திருகி நுனியைத் தேடிப் பிடித்தேன். இந்த மாதிரி வேலை அப்போது எனக்குச் சௌகரியமாக இருந்தது. எதையும் நினைக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும்.

"எங்க ஊரு சிவன் கோயில்ல மோட்ச விளக்கு ஏத்துவாங்க," என்றாள் கோமளா, எழுதிக்கொண்டே. "போனவங்களுக்காவ. இன்னைக்கு எங்கம்மா ஏத்தறேன்னு சொல்லிச்சு. நான் சொல்லி ரொம்ப வருத்தப்பட்டுச்சு. உங்கம்மா பேரு இன்னா?"

"எல்லம்மாள்."

"நட்சத்திரம்?"

நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தேன்.

அம்மா கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்குப் போவாள். அர்ச்சனைத் தட்டை ஐயரிடம் நீட்டி, மூச்சு விடாமல் சொல்வாள்: துளசிங்கம், சித்திரை, பக்தவச்சலம், உத்திராடம், தணிகைவேல், பூசம். எத்தனை கூட்டத்திலும் ஐயரின் காதில் விழுகிற மாதிரி சொல்வாள். என் பெயர் வரும்போது குரலைக் கொஞ்சம் தூக்குவாள், எனக்குக் கூச்சமாக இருக்கும். ஐயர் அவ்வளவுதானா என்பார். அவ்வளவுதான் சாமி என்பாள். பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் தன் பெயரைச் சொன்னதில்லை. உனக்கு என்ன நட்சத்திரம் என்று நானும் கேட்டதில்லை.

"தெரியல," என்றேன்.

"வூட்ல கேளேன். சாயங்காலம்தான் ஏத்தும்."

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். நைனா உடனே எடுத்தார்.

"இன்னாடா? மேடம் இன்னா சொன்னாங்கோ?"

"எல்லாம் ஆயிடுச்சு நைனா. கையெழுத்துப் போட்டுட்டாங்கோ. நைனா, அம்மாவுக்கு இன்னா நட்சத்திரம்?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது. மாடு கழுத்தை ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்குளுது சொந்தத்துல கண்ணாலம்," என்றார் நைனா. "ஜாதகம்லாம் பாக்கல. அவளுக்குப் பொறந்த தேதியே தெரியாது, ஆதார்ல கீறதுகூட அவனுங்க போட்டதுதான்."

"அவங்க எப்பவாவது சொல்லியிருப்பாங்களே?"

"நம்முளுதுதான்டா சொல்லும். எனக்குச் சித்திரை. பெரியவனுக்கு உத்திராடம். உனுக்குப் பூசம்…" இருமினார். "இத்தினி வருஷம் கூட வாழ்ந்தேன். கேக்கலயே நானு."

"நானும் கேக்கல நைனா."

இரண்டு பேரும் போனை வைக்காமல் இருந்தோம். வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மூக்கிலிருந்துதான் முதலில் வந்தது. பிறகு வாய் கோணிக்கொண்டது. நான் எதுவும் செய்யவில்லை, அதுவாகவே வந்தது. சட்டைக் கையால் எவ்வளவு துடைத்தும் நிற்கவில்லை.

"டேய்," என்றார் நைனா. "அழுவுறியா?"

"ஆங்," என்றேன்.